நிழலுக்குக் கொட்டகை போட்ட ஊர்

மதுரையில் ஓர் ஆவணி மாதம் கோபுரத்தின் நிழல் காலையில் சுண்ணாம்புச் சந்தில் வந்து விழுந்தது, விழுந்தது விழுந்தபடியே கிடந்தது, திரும்பிப் போகவில்லை. சூரியன் உச்சிக்கு வந்தது, நிழல் சுருங்கவில்லை. சூரியன் மேற்கே இறங்கியது, நிழல் கிழக்கே திரும்பவில்லை. கடைகளில் விளக்குப் போட்டார்கள், அப்போதும் அது சந்து முனையில் காலை நீட்டி, வரிசை வீடுகளின் சுவரில் உடம்பைச் சாய்த்து, பஞ்சவர்ணத்தின் மொட்டை மாடியில் தலை வைத்து, கலசம் ஒன்றுகூட நலுங்காமல் படுத்திருந்தது. ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால், அதெல்லாம் கிடையாது. ஆச்சரியப்படுவதற்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும், மதுரைக்காரனுக்கு அது ஏது, டீக்கடையில் நின்று இதனால் யாருக்கு லாபம் என்று விசாரித்து முடிப்பதற்குள் அவனுக்குப் பொழுது சாய்ந்துவிடும்.

பஞ்சவர்ணத்துக்கு அப்பளத் தொழில். கீழே கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உளுந்து மாவை உருட்டித் தேய்ப்பார்கள், மேலே மாடியில் வேட்டியை விரித்துக் காயப்போடுவார்கள், கல்யாணச் சமையல்காரர்களும் மெஸ்காரர்களும் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்கள். இந்த வீட்டை அவளுடைய மாமனார் அடிமாட்டு விலைக்கு வாங்கியதே அந்த நிழலால்தான். அந்தக் காலத்தில் அது ஒழுங்கான நிழல், விடிந்ததும் சந்துக்குள் எட்டிப் பார்க்கும், வெயில் ஏறுவதற்குள் போய்விடும், அவ்வளவுதான். அதற்கே இந்த ஊர், கோயில் நிழல் விழுகிற வீடு உருப்படாது, அங்கே பெண் கொடுக்காதே, அங்கிருந்து பெண் எடுக்காதே என்று சந்து மொத்தத்தையும் ஒதுக்கி வைத்திருந்தது. பஞ்சவர்ணம் வாக்கப்பட்டு வந்தபோது அவளுடைய அத்தைமார் வாசலோடு நின்று தாலி கட்டியதைப் பார்த்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனவர்கள்.

அன்று காலையும் வழக்கம்போல முதல் தட்டு அப்பளத்தோடு மாடியேறியவள், வெயில் வரும் வரும் என்று காத்து நின்று, வராமல் போகவே குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். மண்பானையைத் தொட்ட மாதிரி சில்லிட்டது. அவளிடம் வெகுகாலமாக வேலை பார்க்கிற லூர்து பின்னாலேயே ஏறி வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"எக்கா, மேகம் கட்டியிருக்கோ?"

"மேகத்துக்குக் கலசம் இருக்குமாடி? கண்ணைக் கீழ போட்டுப் பாரு. பெருசு நல்லா கால நீட்டிப் படுத்திருக்கு."

"எப்பப் போகுமாம்?"

"நானென்ன அதுகிட்ட ரயில் டைமா கேட்டேன்?"

இரண்டு பேரும் அப்பளத்தைக் கீழே கொண்டுபோய் மின்விசிறிக்கடியில் பரப்பினார்கள். அவளுக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. நிழல்தானே, நாளைக்குப் போய்விடும் என்று நினைத்தாள்.

போகவில்லை. அதற்குப் பதிலாகத் தனுஷ்கோடி வந்தான். சந்து முனையில் பிளக்ஸ் அடிக்கிற கடை அவனுடையது. காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஆட்களை ஒரே சிரிப்போடு வரிசையாக நிறுத்தி அடித்துக் கொடுப்பவன். சாயங்காலத்துக்குள் நிழலை வரவேற்று ஒரு பிளக்ஸ் எழும்பிவிட்டது, அதில் கோபுரம் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்கு நிற்க, தனுஷ்கோடி நடுவில் கைகூப்பி ஆளுயரத்துக்கு நின்றான். மறுநாள் நிழல் கமிட்டி என்று ஒன்று கிளம்பியது, தலைவர் தனுஷ்கோடி. அதற்கு மறுநாள், கோபுர நிழல் தங்கிய இடம் குபேர ஸ்தலம் என்று ஏட்டிலேயே எழுதியிருக்கிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. எந்த ஏடு, யார் வீட்டு ஏடு, அதைப் பார்த்தவன் யார் என்று ஒரு நாயும் கேட்கவில்லை. பச்சைத் தண்ணீர் குடிக்காமல் போன அத்தைமார் தேங்காய் பழத்தோடு வந்து இறங்கி, எங்க பொண்ணு குடுத்துவச்ச பொண்ணு என்று திண்டுக்கல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, காப்பி இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்கள்.

அப்புறம் கேட்கவா வேண்டும். நிழலைச் செருப்புக்காலோடு மிதிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது, சந்துக்காரர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள், தள்ளிக்கொண்டு போனார்கள். பால்காரன் நிழலின் ஓரத்தில் பாக்கெட்டை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனான். லாட்ஜுகளில் நிழல் பார்த்த ரூமுக்கு ஒரு வாடகை, நிழல் பார்க்காத ரூமுக்கு ஒரு வாடகை. கோபுர நிழல் பரோட்டா ஸ்டால் வந்தது, கோபுர நிழல் ஜிகர்தண்டா வந்தது, சுங்குடிக்காரர்கள் கறுப்பில் கோபுரம் போட்ட சேலையை இறக்கினார்கள், புதுமணத் தம்பதிகள் நிழலில் தெரிந்த கோபுர நிலைகளுக்கு நடுவில் படுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாரம்பரியம் பார்க்க வெளியூரிலிருந்து தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்த கூட்டத்துக்கு, கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன் ஒரு ராஜா கதையை விட்டான்; காலையில் அந்த ராஜாவுக்கு ஒரு ராணி இருந்தாள், சாயங்காலக் கூட்டத்துக்கு இரண்டு பேர். மூச்சுக்கு மூச்சு இரண்டாயிரம் வருசத்துப் பழமை என்பான் இந்த ஊர்க்காரன், அந்தப் பழமையின் சுவரோரம்தான் ஒன்றுக்கும் ஒதுங்குவான். இப்போது ஒதுங்க ஒரு சுவரும் விற்க ஒரு நிழலும் கிடைத்துவிட்டது, அவனுக்கு வேறென்ன வேண்டும்.

கலசங்கள் பஞ்சவர்ணத்தின் மாடியில் விழுந்திருந்ததால் எல்லோருக்கும் மாடியேறித் தொட்டுக் கும்பிட வேண்டும். கூடத்தில் மாவு தேய்க்கிற பெண்களைத் தாண்டித்தான் படி. வந்தவன் மாவுக்குள் கால் வைத்தான், போனவன் உலக்கையில் இடித்துக்கொண்டான், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டைக் கலசத்தின் மேல் வைத்து எடுக்கத் தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையை ஒழுங்குபடுத்தியது யார் என்றால் அவளுடைய புருஷன் சோலைராசு. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தட்டைத் தூக்கிக் கொடுக்காத மனுஷன், கமிட்டி கொடுத்த பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு, வாங்க வாங்க, வலது பக்கமா வாங்க என்று விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை நின்றார்.

அப்பளம் காயவில்லை. விசிறிக் காற்றில் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கட்டி வைத்தால் பூசணம் பூத்துவிடும். வாடிக்கைச் சமையல்காரர் ஒருவர் அப்பளக் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"எண்ணெயில போட்டா முங்கிக் கிடக்குதுக்கா, பொரிய மாட்டேங்குது. பந்தியில என்னைய ஒரு மாதிரி பாத்துட்டாக. அடுத்த முகூர்த்தத்துக்கு நான் வேற இடம் பாத்துக்கிறேன், சங்கடப்படாதீக."

அவர் போனபிறகு பஞ்சவர்ணம் வெகுநேரம் அந்த அப்பளக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவணி முகூர்த்தம் போனால் ஐப்பசி வரை ஒன்றுமில்லை, கீழே வட்டமாக உட்கார்ந்திருக்கிற பெண்களை நாளைக்கு வராதீர்கள் என்று சொல்ல வேண்டும், அப்புறம் ஒரு லாட்ஜ்காரன் தினமும் வந்து விலைக்குக் கேட்டுப் போகிற மாதிரி வீட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு எங்காவது ஒண்டுக் குடித்தனம் போக வேண்டும். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நேரே பிளக்ஸ் கடைக்குப் போனாள்.

"தனுஷ்கோடி, எனக்கு என் மாடி வேணும்."

"மாடி உங்களதுதான் மதினி, யாரு இல்லேன்னா? அதுல கிடக்கிறதுதான் ஊருது."

"ஊருதுன்னா ஊர்ல போய்க் கிடக்கச் சொல்லு."

"அபச்சாரமாப் பேசாதீக. எத்தனை பேரு தவங்கிடக்கான், உங்க வீட்டுக்கு அதுவாத் தேடி வந்திருக்கு. அப்பளத்தை மிசின்ல காய வச்சுட்டுப் போறதுதானே?"

"உன் வாய வை மிசின்ல. ஈரமாவது வத்தும்."

அவன் சிரித்தான். பிளக்ஸில் இருக்கிற அதே சிரிப்பு. கடையில் நின்ற நாலு பேரும் அவன் சிரித்ததால் சிரித்தார்கள். இந்த ஊரில் ஒருவன் சிரித்தால் எதற்கென்று தெரியாமலே சிரிக்க நாலு பேர் எப்போதும் தயாராக நிற்பார்கள்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கால்போன போக்கில் நடந்தவள் கோபுரத்தடிக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஈ காக்கை இல்லை. கூட்டமெல்லாம் நிழலுக்குப் போய்விட்டதால் செருப்புக் காவல்காரன் காலி அலமாரியில் சாய்ந்து தூங்கினான். இத்தனை பெரிய கோபுரம், இத்தனை சுதைப் பொம்மைகள், அத்தனையும் பார்க்க ஆளில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. நிழலை இழந்த கல் வீதி முழுக்கக் காலை முதல் மாலை வரை வெயில், அதில் மல்லிகைப்பூ விற்கிற பெண்கள் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு பூவோடு சேர்ந்து வாடிக்கொண்டிருந்தார்கள்.

"மண்டை பொளக்குதுக்கா," என்றாள் ஒருத்தி. "இத்தனை வருசமா எங்க தலையில விழுந்துக்கிட்டிருந்துச்சு. இப்பத்தான் அதுக்கு வேற வீடு பிடிச்சிருக்கு."

பஞ்சவர்ணம் குனிந்து கல்லில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. அத்தனை நாளைக்கப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நல்ல வெயிலை இப்படிக் கொட்டி வச்சிருக்காய்ங்க பாரு, கேக்க நாதியில்லாம," என்றாள்.

மறுநாள் லூர்துவும் அவளும் வேட்டிகளைச் சுமந்துவந்து கோபுர வாசலுக்கு நேர் எதிரே விரித்து அப்பளத்தைப் பரப்பினார்கள், பூக்காரிகளைச் சந்து நிழலுக்கு அனுப்பிவைத்தார்கள், அவர்களுக்கும் அங்கே நல்ல வியாபாரம். கோபுர வாசலில் உளுந்தப்பளம் காய்கிறதே என்று யாராவது கேட்பார்கள் என்று அவள் முதல் நாள் வாயைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தனும் கேட்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்தார், நிழல் எந்தப் பக்கம் என்று வழி கேட்டுவிட்டு, கிளம்பும்போது கோபுரத்தைப் பார்க்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அப்பளம் காய்ந்தது, போன வாடிக்கையில் பாதி திரும்பி வந்தது, கூடத்துப் பெண்கள் மறுபடியும் பேச்சும் சிரிப்புமாக மாவு தேய்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சந்தில் முதல் மரியாதைச் சண்டை மூண்டது. நிழலின் அடிப்பக்கத்து வீட்டார், வாசல் இருக்கிற பக்கம் எங்களது, பரிவட்டம் எங்களுக்கு என்றார்கள். மேல்பக்கத்து வீட்டார், கலசம் இருக்கிற பக்கம் எங்களது, நீங்கள் கால்மாடு நாங்கள் தலைமாடு என்றார்கள். கால்மாட்டுக்காரனும் தலைமாட்டுக்காரனும் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தன் போகாமல், நிழலின் நடுவில் ஒரு கயிறு கட்டுகிற அளவுக்குச் சண்டை முற்றியது. தனுஷ்கோடி யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தான். இந்த ஊரில் எந்தச் சண்டையையும் உபயத்தில் தீர்த்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். ஒருத்தன் பெயரை ஒரு பொருளில் எழுதி மாட்டிவிட்டால் அவனுக்குச் சாமியே கிடைத்த மாதிரி.

"நெழலு பாவம் வெயில்லயும் மழையிலயும் கிடக்கு," என்று அவன் மைக்கில் சொன்னபோது கூட்டத்தில் பல பேருக்குக் கண் கலங்கியது. "அதுக்கு மேல ஒரு கொட்டகை போடுவோம். தகரத்துக்குத் தகரம் ஒரு குடும்பம் உபயம். எல்லாருக்கும் சம மரியாதை."

நிழலுக்கு வெயில் படாமல் கொட்டகை. அதை ஒருத்தனும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை. உபயம் எழுதுவதற்கு ஆள் மேல் ஆள் வந்தார்கள், தகரம் போதவில்லை, நிழலைவிட உபயதாரர்கள் நீளமாகிப் போனதால் கொட்டகையை நிழலுக்கு அப்பாலும் இழுத்தார்கள். தகரம் கிடைக்காதவர்களுக்கு ட்யூப்லைட். அதிலும் உபயம், தாத்தா பெயர், தகப்பன் பெயர், மருமகன் படித்த படிப்பு என்று முழு நீளத்துக்கும் சிவப்புப் பெயிண்டில் எழுதியதால் உள்ளே எரிகிற விளக்கின் வெளிச்சம் வெளியே வரவில்லை. பஞ்சவர்ணம் கோபுரத்தடியில் அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் மாடியிலும் இரும்புக் கால் நட்டுவிட்டார்கள். சம்மதம் கொடுத்தது சோலைராசு. அதற்குப் பதிலாகத் தோளில் ஒரு பொன்னாடை, ஒரு கைத்தட்டல்.

"யாரைக் கேட்டுய்யா குடுத்த?" என்றாள் அவள், சாயங்காலம் வந்து, தலைக்கு மேல் வானம் இருந்த இடத்தில் தகரத்தைப் பார்த்து.

"பெரிய மனுசனெல்லாம் வந்து கேக்கிறப்ப மாட்டேன்னா சொல்ல முடியும்? பேரு போட்டிருக்கான் பாரு, என் பேரு."

அவள் பார்க்கவில்லை. அந்த மனுஷனைப் பார்க்கவும் அவளுக்குக் கூசியது.

கடைசித் தகரத்தை முடுக்கிய அன்று மத்தியானம், கோபுரத்தடியில் குனிந்திருந்த பஞ்சவர்ணத்தின் முதுகில் சில்லென்று ஏதோ ஏறியது. நிமிர்ந்தாள். வேட்டிகளின் மேல், அப்பளங்களின் மேல், லூர்துவின் மேல், கோபுர நிழல் அந்த நேரத்துக்கு இருக்க வேண்டிய நீளத்தில் ஒழுங்காக விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லா நிழலையும் போல மெல்ல நகரவும் தொடங்கியது. அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அடப்பாவிகளா, படுத்துக் கிடந்ததையும் விரட்டிட்டீங்களா என்று வாய்விட்டே சொன்னாள். உடனே, அப்படியானால் இனி என் மாடி எனக்கு என்கிற நினைப்பு வந்து சந்தோஷம் பொங்க, அப்பளத்தை லூர்துவிடம் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகச் சந்துக்கு வந்தாள்.

கொட்டகைக்குள் திருவிழாக் கூட்டம். தனுஷ்கோடி மைக்கோடு நின்றான்.

"கொட்டகையப் பிரிங்கப்பா," என்றாள் பஞ்சவர்ணம் உள்ளே நுழைந்ததும். "நெழலு வீட்டுக்குப் போயிருச்சு. கோபுரத்தடியில கிடக்கு, வந்து பாருங்க."

தனுஷ்கோடி தரையைப் பார்த்தான், கூட்டமும் தரையைப் பார்த்தது. "இந்தாக் கிடக்கே மதினி. முந்திக்கு இப்ப இன்னும் கருகருன்னு இருக்கு."

"அது தகரத்து நெழல்டா."

"தகரம் யாரு தகரம்? பக்தருக தகரம்," என்றான் அவன். கூட்டம் ஆமாம் என்றது. கால்மாட்டுக்காரனும் தலைமாட்டுக்காரனும் சேர்ந்து ஆமாம் என்றார்கள். தனுஷ்கோடி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவள் பக்கமாகக் குனிந்தான்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீகளா? நான்தான் முதல்ல பாத்தேன், கிளம்பிப் போறதை. இப்ப அதைச் சொல்லி லாட்ஜ்காரன், பரோட்டாக்காரன், அம்புட்டுப் பேரு வயித்துலயும் அடிக்கச் சொல்றீகளா? அது போனாப் போகுது மதினி. கொட்டகை நிக்குதுல்ல."

அன்றைக்கு அவள் அழுதாள். ஆத்திரத்தில் வருகிற அழுகை, கீழ்ப்படியில் உட்கார்ந்து, கூடத்துப் பெண்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். நிழல் இங்கே இருந்தபோது கோபுரத்தடியில் வெயிலாவது இருந்தது. இப்போது அங்கே நிழல் வந்துவிட்டது, பூக்காரிகள் திரும்பி வந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், இங்கே தகரம் போகாது, இனி இந்த ஊர் இருக்கிறவரை போகாது. லூர்து பக்கத்தில் உட்கார்ந்து, படி உச்சியில் தெரிந்த கொட்டகைத் தகரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"எக்கா," என்றாள் கடைசியில். "இதுக்கு மேல என்னக்கா இருக்கு?"

பஞ்சவர்ணம் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்க வைத்திருந்த ஏணியை வாங்கி வரச் சொன்னாள்.

மறுநாள் காலை மாடியிலிருந்து கொட்டகை மேல் ஏறினார்கள். அப்பா, என்ன வெயில். சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தகரம் தகதகவென்று கிடந்தது, அத்தனை பெரிய மாடியை மதுரையில் எந்த அப்பளக்காரியும் கண்டதில்லை. தகரத்தின் மேல்பக்கத்திலும் உபயம் எழுதியிருந்தார்கள், வானத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கும் யார் கொடுத்தது என்று தெரிய வேண்டாமா. பஞ்சவர்ணம் சாக்கைக் காலில் சுற்றிக் கட்டிக்கொண்டு, வேட்டியை விரித்து, முதலில் தனுஷ்கோடியின் பெயரை மூடினாள், அப்புறம் கால்மாட்டுக்காரர்களை மூடினாள், தலைமாட்டுக்காரர்களை மூடினாள், சோலைராசுவின் பெயர் வந்தபோது அதன்மேல் இரண்டு மடங்கு நெருக்கமாக அப்பளத்தை அடுக்கினாள். ஒரு வரிசை போட்டு முடிப்பதற்குள் முந்தின வரிசை காய்ந்துவிட்டது. அவளுக்குப் பாட்டு வந்தது, பாடாமல் அடக்கிக்கொண்டாள்.

இரண்டு பேர் நடக்க நடக்கத் தகரம் தடதடத்தது. கீழே பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மைக்கில் தனுஷ்கோடியின் குரல், தழுதழுத்த குரல், எல்லோரையும் அமைதியாக இருக்கும்படியும், அம்மன் தன் நிழலைத் தேடி வந்து நம் தலைக்கு மேலே உலாத்துகிறாள் என்றும், நாளை முதல் காலடி தரிசனத்துக்குத் தனி வரிசை என்றும் சொல்லியது.

ஏணி உச்சியில் சோலைராசுவின் தலை முளைத்தது, பொன்னாடையோடு.

"நீதானா?" என்றார் அவர், பதறிப்போய். "கீழ சனம் பூராம் கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்குது. நீ பாட்டுக்கு அப்பளத்தப் பரப்பிக்கிட்டிருக்க. தெரிஞ்சா என்னாகும்?"

"தெரிஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுய்யா. பேசாம அடுத்த தட்டை எடுத்துக் குடு."

அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பொன்னாடையை ஏணியில் போட்டுவிட்டு இறங்கிப் போய்த் தட்டை எடுத்து வந்து தூக்கிக் கொடுத்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக. பஞ்சவர்ணம் அதை வாங்கிக்கொண்டு வெயிலுக்குள் திரும்பி, வேண்டுமென்றே காலை ஓங்கி ஓங்கி மிதித்து நடந்தாள், ஒவ்வொரு மிதிக்கும் கீழே ஊர் மொத்தமும் விழுந்து விழுந்து கும்பிட்டது.